ஐயா நின்ற ஆறு வருடத் தவசும் நம்முடைய காத்திருப்பும்

ஒசூர் சிப்காட்டில் காண்ட்ராக்ட் வேலையிலேயே ஐந்து வருடம், ஏழு வருடம் ஓட்டிவிட்ட அன்பர்கள் நம்மில் பலர் உண்டு. கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கமிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள். சிலர் தினமும் ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி, பொம்மசந்திரா வரை போய் வருகிறார்கள். “இந்த வருடம் பெர்மனெண்ட் போடுவார்கள்” என்ற பேச்சு தை மாதம் கிளம்பும், சித்திரைக்குள் அடங்கிவிடும். ஊரில் வீடு பாதியில் நிற்கும். கல்யாணப் பேச்சு தள்ளிப் போகும். ஞாயிற்றுக்கிழமை பணிவிடைக்கு வந்து நெற்றியில் நாமம் இடும்போதே மனதுக்குள் ஒரு கேள்வி எழும்: ஐயாவின் காதில் இது விழவில்லையா?

இப்படிக் கேட்பது குற்றமில்லை. ஆனால் நம்முடைய ஐயாவே காத்திருந்தவர் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். 1833-ஆம் ஆண்டு மாசி 20 அன்று திருச்செந்தூர் கடலிலிருந்து வந்தவர், பூவண்டன் தோப்பில் ஆறு வருடம் தவசு இருந்தார். முதல் இரண்டு வருடம் ஆறடிக் குழிக்குள் நின்றார். அடுத்த இரண்டு வருடம் தரையிலும், கடைசி இரண்டு வருடம் மேடை மேலும் இருந்தார். நினைத்த மாத்திரத்தில் முடிக்க வல்லவர், யுகத்துக்காகவும் சாதிக்காகவும் பெண்ணாதியருக்காகவும் நாள் கணக்குப் பாராமல் நின்றார்.

அந்த ஆறாம் வருடத்தில்தான் பெரிய சோதனை வந்தது. சுவாதித் திருநாள் மகாராஜாவின் சேவகர்கள் ஐயாவைக் கட்டிச் சுசீந்திரத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறை. நஞ்சு கலந்த பால், புலிக்கூண்டு எல்லாம் நாம் ஏடு வாசிப்பில் கேட்பவைதான். (அந்தப் பகுதி வாசிக்கும்போது கண் கலங்காத பெரியவர்கள் குறைவு.) நூறு நாளுக்கு மேல் ஐயா சிறையில் இருந்தார். சான்றோர் மக்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர்களுக்கு வக்கீல் இல்லை, பணம் இல்லை, அரசில் ஆள் இல்லை. என்றைக்கு விடுவார்கள் என்றும் தெரியாது. ஐயா சொன்ன சொல் ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு சாதியாரை மட்டும் சேர்த்துக்கொள்வேன் என்று எழுதிக் கொடுத்தால் விடுகிறோம் என்று அரசுத் தரப்பில் கேட்டதாகச் சொல்லுவார்கள். ஐயா எழுதிக் கொடுக்கவில்லை. வெளியே வர ஒரு வழி கிடைத்தும், அது தப்பான வழி என்பதால் அதில் போகவில்லை. நமக்கு இது முக்கியமான இடம். ஏனென்றால், காத்திருந்து களைத்தவனைத் தேடித்தான் ஆட்கள் வருவார்கள். “இரண்டு லட்சம் கொடு, வேலையை நிரந்தரமாக்கித் தருகிறேன்” என்பான் ஒரு புரோக்கர். தோஷம் கழிக்கிறேன் என்பான் ஒருவன், தகடு எழுதித் தருகிறேன் என்பான் இன்னொருவன். வட்டிக்கு வாங்கி இவர்களிடம் கொடுத்துவிட்டு, கடைசியில் தாங்கலுக்கு வருவதையே நிறுத்திவிட்டவர்களும் உண்டு. காணிக்கை வேண்டாம், மந்திரவாதம் வேண்டாம் என்று ஐயா தடுத்தது நம்முடைய ஏழ்மை தெரிந்துதான்.

அப்படியானால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? ஐயா தம் மக்களை அப்படி உட்கார வைக்கவில்லை. தலையில் துணி கட்டக் கூடாது என்று இருந்த காலத்தில், தலைப்பாகை கட்டிக்கொண்டு கும்பிடச் சொன்னார். அரசன் அனுமதி தரட்டும் என்று அதற்குக் காத்திருக்கவில்லை. சிறையிலிருந்து திரும்பிய பிறகு எழுநூறு குடும்பங்களை வாகைப்பதிக்கும் பிறகு முட்டப்பதிக்கும் துவையல் தவசுக்கு அனுப்பினார். கடலில் குளித்து, துணி துவைத்து, ஒன்றாகச் சமைத்து, ஒன்றாகச் சாப்பிட்டார்கள். அழுக்கு என்று ஒதுக்கப்பட்டவர்கள் சுத்தமாக வாழப் பழகினார்கள்.

காண்ட்ராக்டில் இருப்பவரும் இதைச் செய்யலாம். பி.எஃப். கணக்கில் பணம் ஏறுகிறதா என்று பார்க்கலாம். சம்பளச் சீட்டுகளைச் சேர்த்து வைக்கலாம். ஷிப்ட் முடிந்த நேரத்தில் இன்னொரு மெஷினைக் கற்கலாம். கேட்க வேண்டியதை நாலு பேராகச் சேர்ந்து கேட்கலாம். இவையெல்லாம் நம்பிக்கைக் குறைவு ஆகாது.

எல்லாம் கண்முன்னே நடந்துவிடும் என்று சொல்வதற்கும் இல்லை. ஐயா 1851 வைகாசி 21-இல் வைகுண்டம் போனார். நம் பெண்கள் மேலாடை போடலாம் என்று திருவிதாங்கூர் அரசு உத்தரவு போட்டது 1859 ஜூலையில்தான். அதிலும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனை இருந்தது. கோயில் கதவு திறந்தது 1936-இல். ஐயாவோடு தலைப்பாகை கட்டிய பலர் அந்த நாட்களைக் காணவில்லை. கட்டிய தலைப்பாகையை அவர்கள் அவிழ்க்கவும் இல்லை.

சிறையிலிருந்து வந்த ஐயாவை மக்கள் வாகனத்தில் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அதை நினைத்துத்தான் மாசி 19-இல் திருவனந்தபுரத்திலிருந்து வாகன ஊர்வலம் நாகர்கோவில் வருகிறது, மறுநாள் சுவாமித்தோப்புக்குப் போகிறது. பெங்களூரு–நாகர்கோவில் ரயில் ஒசூரில் நிற்கும். இரண்டு நாள் லீவு கிடைக்கிறவர்கள் முன்கூட்டியே சீட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்காதவர்கள் அன்று ஷிப்ட் முடிந்ததும் தாங்கலுக்கு வாருங்கள்.

ஐயா உண்டு.