இருவர் நடந்த வழி

தேனியிலிருந்து தென்மேற்காகச் செல்லும் நெடுஞ்சாலை, சின்னமனூரைக் கடந்து உத்தமபாளையத்தை அடைகின்றது. மேற்கே வானை முட்டி நிற்பது குடமலைத் தொடர். கிழக்கே முகில் தவழ்வது மேகமலை. இடையே நெல்வயலும் தென்னந்தோப்பும் திராட்சைப் பந்தலுமாகப் பசுமை போர்த்துக் கிடப்பது கம்பம் பள்ளத்தாக்கு. முல்லையாறு உத்தமபாளையத்தைத் தழுவிச் சென்று, தேனிக்கு அருகே வையையோடு கலக்கின்றது. ஊரை அடுத்த பாறை ஒன்றில் சமண தீர்த்தங்கரர்களின் திருவுருவங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் காணப்படுகின்றன. முற்காலத்தில் சமணத் துறவியர் இவ்வழியே நடமாடினர் என்பதற்கு அவை சான்று பகர்கின்றன.

சித்திரைத் திங்கள் முழுநிலா நாளில் இச்சாலை ஓய்வறியாது. தேனி, மதுரை முதலிய ஊர்களிலிருந்து மக்கள் இரவோடிரவாகப் புறப்பட்டு, உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாக மலையடிவாரத்தை அடைவர். பளியன்குடியிலிருந்து காட்டுவழியே நடந்து ஏறுவோர் ஒரு சாரார். குமுளியிலிருந்து ஜீப்புகளில் செல்வோர் மற்றொரு சாரார். இருசாராரும் சென்று சேரும் இடம் ஒன்றே. அது வண்ணாத்திப்பாறை என்னும் மலையின் உச்சியில், தமிழகமும் கேரளமும் தொட்டுக்கொள்ளும் எல்லையில் சிதைந்து நிற்கும் மங்கலதேவி கண்ணகி கோட்டம். யானையும் புலியும் உலவும் காடாகையால், ஆண்டில் அந்த ஒரு நாளே பொதுமக்கள் அங்குச் சென்று வழிபட இரு மாநிலத்தாரும் வழிசெய்கின்றனர்.

கண்ணகி மலையேறிய கதையைத் தமிழ் மக்கள் நன்கு அறிவர். எனினும், அவள் நடக்கத் தொடங்கிய இடம் கடற்கரை என்பதையும், மதுரை வரை அவள் தனியே நடக்கவில்லை, கணவனோடு நடந்தாள் என்பதையும் எண்ணிப் பார்ப்போர் சிலரே. சிலப்பதிகாரத்தில் வழக்குரைத்த கண்ணகியைப் பலர் போற்றுகின்றனர். வழிநடந்த கண்ணகியோ அவ்வளவாகப் பேசப்படவில்லை. இளங்கோவடிகள் அந்நடைக்குப் பல காதைகளை ஒதுக்கியிருப்பது காரணமின்றி அன்று.

காவிரி கடலொடு கலக்கும் இடத்தில் இருந்தது புகார் நகரம். அங்கு மாசாத்துவான் மகன் கோவலனுக்கும் மாநாய்கன் மகள் கண்ணகிக்கும் திருமணம் நிகழ்ந்தபோது, மணமகனுக்கு வயது 16, மணமகளுக்கு 12. சில ஆண்டுகளில் கோவலன் மாதவியை நாடிச் சென்றான், பொருளெல்லாம் தொலைத்தான். இந்திர விழா நிறைவுற்ற நாளில், கடற்கரைக் கானலில் அவனும் மாதவியும் யாழிசைத்துப் பாடினர். பாட்டின் பொருளைப் பிறழ உணர்ந்த கோவலன் சினந்து எழுந்து, பல நாளாகப் பிரிந்திருந்த மனைவியிடம் திரும்பினான். வறுமை வந்தது நாணம் தருகின்றது என்று அவன் வருந்தியபோது, கண்ணகி குறை ஒன்றும் கூறினாளில்லை. தன் காற்சிலம்பு இருக்கின்றது, எடுத்துக்கொள்க என்றாள். புகார்க் காண்டத்தில் அதுவரை அவள் தன் கணவனை நோக்கிச் சொன்னதாகக் கவிஞர் காட்டும் சொல் அது ஒன்றே போலும்! ஒரே வீட்டில் வாழ்ந்தும் பேசாத இருவரை, இனி ஒரு நெடுவழி பேசவைக்க வேண்டும்.

பொழுது புலருமுன் இருவரும் வீட்டைவிட்டு வெளியேறினர்; பெற்றோரிடமும் சொல்லவில்லை. காவிரியின் வடகரை வழியே மேற்கு நோக்கி நடந்தனர். மாளிகையில் வளர்ந்த கண்ணகியின் அடிகள் மண்ணை அறியாதவை. ஒரு காதத் தொலைவு செல்வதற்குள் அவள் மூச்சு இரைத்தது. மதுரை எங்கே இருக்கின்றது என்று கணவனைக் கேட்டாள். ஊர் எல்லையையே இன்னும் முழுதாகக் கடவாத நிலையில் இப்படி ஒரு கேள்வி! கோவலன் சிரித்தான், சிரிப்போடு கண்ணீரும் வந்தது. உள்ளபடி சொன்னால் முப்பது காதம். அதனை அவன் ஆறைங் காதம் என்றான். ஆறும் ஐந்தும் பெருக்கினால் முப்பது. ஆறோ ஐந்தோ என்று செவியில் விழுந்தால் அருகில் உள்ள ஊர். பொய்யும் சொல்லாமல், மனைவியின் உள்ளத்தையும் தளரச் செய்யாமல் அவன் தேர்ந்த சொல் அது. பல்லாண்டு மனைவியை மறந்திருந்தவன் அவள் கால் நோவை நினைத்துச் சொல்லைத் தேர்கின்றான். இல்வாழ்க்கை மீண்டும் தளிர்த்தது அவ்விடத்திலேயே எனலாம்.

வழியில் கவுந்தியடிகள் என்னும் சமணத் துறவி அவர்களுக்குத் துணையானார். அவரும் மதுரைக்குச் செல்ல விரும்பியிருந்தார். சோலைவழியே சென்றால், கிழங்கு அகழ்ந்த குழிகளை உதிர்ந்த பூக்கள் மூடியிருக்கும், கால் தவறக்கூடும். வயல்வழியே சென்றால், வரப்பில் கிடக்கும் நண்டும் நத்தையும் மிதிபட்டு மாளக்கூடும். இவ்வாறெல்லாம் அவ்வம்மையார் எச்சரிக்கின்றார். பிற உயிர்க்கு வரும் துன்பத்தையும் வழியின் இடர்களுள் ஒன்றாகவே அவர் எண்ணுகின்றார். மூவரும் நாள் ஒன்றுக்கு ஒரு காதத்திற்கு மேல் நடக்காமல், இளைப்பாறி இளைப்பாறிச் சென்றனர். அரங்கத்தின் அருகே ஓடமேறிக் காவிரியின் தென்கரை சேர்ந்து, உறையூரை அடைந்தனர்.

உறையூருக்கு அப்பால் வழி கடியது. கொடும்பாளூரை அடுத்து மதுரைக்குச் செல்லும் பாதை மூன்றாகப் பிரிகின்றது என்பதை, எதிரே வந்த மாங்காட்டு மறையோன் விளக்கினான். வலப்பாதை சிறுமலைப் பக்கமாகச் செல்வது. இடப்பாதை அழகர்மலை வழியாகச் செல்வது. இரண்டுக்கும் இடைப்பட்டது ஒன்று. இன்று நிலப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு பார்ப்பவருக்கும் இவ்விவரம் வியப்பூட்டும். சிறுமலையின் பெயர் மாறவில்லை. நின்ற இடமும் மாறவில்லை.

பாலை நிலத்தின் வெயில் தாங்கொணாதது. கோவலன் நீர்நிலை தேடிச் சென்று, தாமரை இலையில் நீர் முகந்து வந்து மனைவிக்கு அளித்தான். வேட்டுவர் வாழும் ஊரில் கொற்றவை கோயிலின் ஒருபுறத்தே இளைப்பாறினர். அங்குத் தெய்வமேறி ஆடிய சாலினி என்பவள் கண்ணகியைச் சுட்டி, இவள் குடமலைக்கு உரியவள் என்று புகழ்ந்தாள். கண்ணகியோ, முதியவள் ஏதோ மயங்கிப் பேசுகின்றாள் என்று நாணி, கணவனின் பின்னே மறைந்து நின்றாள். பின்னர்ப் பகல் வெம்மைக்கு அஞ்சி இரவில் நடந்தனர். நிலவொளியில் கண்ணகி கோவலன் தோளைப் பற்றிக்கொண்டு நடந்தாள். அவ்வழியிலேதான் மாதவியின் திருமுகம் கோவலன் கைக்கு வந்தது. அதனைப் படித்து, பிழை அவளுடையதன்று, தன்னுடையதே என்று அவன் தெளிந்தான். மனத்தில் இருந்த சுமை ஒன்று இறங்கியது.

வையையை அவர்கள் புணையேறிக் கடந்தனர். தென்கரையில் மதுரையின் புறஞ்சேரி. அங்கிருந்து மாதரி என்னும் ஆய்ச்சியின் அடைக்கலம். நெடும் பயணம் முடியும் தறுவாயில், மாதரி அளித்த சிறு மனையில் கண்ணகி தன் கையால் சமைத்தாள். காய் அரிந்த விரல்கள் சிவந்தன. நெருப்பின் முன் முகம் வியர்த்தது. கோவலன் வாழையிலையில் உண்டான். உண்டபின் அவளை அருகே அழைத்தான். பெற்றோர் என்ன துயருற்றனரோ என்றான். தான் செய்த பிழைகளையெல்லாம் தன் வாயாலேயே எடுத்துரைத்தான். எழுக என்றவுடன் எழுந்து வந்தாயே என்று உருகினான். கண்ணகியும் அன்று தன் உள்ளத்தைத் திறந்தாள். விருந்தினரைப் போற்ற இயலாமல் தனித்திருந்த நாட்களையும், மாமன் மாமியர்முன் வருத்தத்தை மறைக்கத் தான் சிரித்த பொய்ச் சிரிப்பையும் கூறினாள். நீர் செய்தது போற்றத்தக்க ஒழுக்கமன்று என்று கூறவும் தயங்கவில்லை. புகாரில் சொல்லாத சொல்லை முப்பது காதம் நடந்தபின் சொன்னாள். அவன் அதனைக் கேட்டுக்கொண்டான். சிறிது நேரத்தில், சிலம்புகளுள் ஒன்றை எடுத்துக்கொண்டு நகருக்குள் சென்றான், மீளவில்லை.

அதன்பின் நிகழ்ந்தவை அனைவரும் அறிந்தவை. பாண்டியன் அவையில் நீதி கேட்டு, மதுரையை எரியூட்டிய கண்ணகி, கீழ்வாயிலில் கணவனோடு நுழைந்ததையும் மேல்வாயிலில் தனியே வெளியேறுவதையும் சொல்லிப் புலம்பி, வையைக் கரைவழியே மேற்கு நோக்கி நடந்தாள். சின்னாட்களுக்கு முன் கணவனோடு புணையில் கடந்த அதே ஆறு! இங்கே இளங்கோவடிகள் செய்திருப்பது கூர்ந்து நோக்கத்தக்கது. இருவரும் சேர்ந்து நடந்த வழியில் ஒவ்வொரு சோலையையும் துறையையும் குறித்த கவிஞர், கண்ணகி தனியே நடந்த வழியில் ஓர் ஊரையும் குறிக்கவில்லை. பள்ளம் என்றும் மேடு என்றும் பாராமல் அவள் சென்றாள் என்று சில அடிகளில் முடித்துவிடுகின்றார். காணும் கண்ணும் கேட்க ஒரு துணையும் இல்லாதவளுக்கு வழி ஏது?

கவிஞர் சொல்லாது விட்ட அவ்வழியைக் காலால் நடந்து காண முற்பட்டவர், கரந்தையைச் சேர்ந்த தமிழறிஞர் சி. கோவிந்தராசனார். நெடுவேள் குன்றம் என்று காப்பியம் கூறும் மலை திருச்செங்கோடு என்று கொள்வோரும் உண்டு. அவரோ காப்பியத்தின் குறிப்புகளைப் பின்பற்றி, வையைக் கரையோடு மேற்கே வந்து, 1963-ஆம் ஆண்டில் கூடலூருக்கு மேலே மங்கலதேவி என்று மலைமக்கள் வணங்கிவந்த கோட்டமே கண்ணகி கோட்டம் என்று தெளிந்தார். மதுரையிலிருந்து கூடலூர் ஏறத்தாழ 125 கிலோமீட்டர். கோவலன் இறந்து 14 நாள் கழிந்தபின் கண்ணகி அவனைக் காண்பாள் என்பது காப்பியச் செய்தி. ஒரு நாளைக்கு ஒன்பது கிலோமீட்டர் நடந்தால் 14 நாளில் கடக்கக்கூடிய தொலைவே அது. அவர் கொள்கைப்படி நோக்கினால், இன்று பேருந்துகள் விரையும் இப்பள்ளத்தாக்கின் வழியே, உத்தமபாளையம் நிற்கும் நிலத்தை ஒட்டியே அவள் நடந்திருத்தல் வேண்டும். குடமலைக்கு உரியவள் என்று சாலினி கூறிய சொல்லும் இங்கே பொருள் பெறுகின்றது.

மலைமேல் ஒரு வேங்கை மர நிழலில் அவள் நின்றாள். பதினான்கு நாட்கள் கழிந்தபின், வானோர் சூழக் கோவலன் அங்கே தோன்றினான் என்றும், இருவரும் வானூர்தியில் ஏறிச் சென்றனர் என்றும் காப்பியம் கூறுகின்றது. அக்காட்சியைக் கண்டவர் தினைப்புனம் காத்த குன்றக் குறவர். புகாரையோ மதுரையையோ அவர்கள் கண்டதில்லை. சிலம்பின் வழக்கைக் கேட்டதுமில்லை. சேரன் செங்குட்டுவன் மலைவளம் காண வந்து பேரியாற்றங்கரையில் தங்கியிருந்தபோது, தேனும் அகிலும் யானைக்கொம்பும் சுமந்து சென்று அவன்முன் வைத்தனர். வேங்கை நிழலில் ஒரு பெண் துயரத்தோடு நின்றாள், அவள் கணவன் வந்தான், அவனோடு சென்றாள் என்று கண்டதைக் கண்டவாறே உரைத்தனர். அவள் எந்த நாட்டினள், யார் மகள் என்று தாம் அறியோம் என்றனர். அருகே இருந்த சாத்தனார், அறிந்ததை அரசனுக்குச் சொல்லத் தொடங்கினார்.