கட்டடத்துக்கு எப்படி விளக்குப் போடுவது?



நம்ம காமாட்சி அம்மன் கோயில் கோபுரத்தில் திருவிழாவுக்கு சீரியல் லைட் போடுவாங்க. பல்பு வரிசையே கோபுரத்தின் உருவத்தைக் காட்டிவிடும். சென்னையின் பெரிய கட்டடங்களில் வேறு முறை. விளக்கு கண்ணுக்குத் தெரியாது, சுவர் மட்டும் ஒளிரும். இதுதான் முகப்பு ஒளியமைப்பு.

1913-இல் திறந்த ரிப்பன் மாளிகை மாநகராட்சியின் அலுவலகம். அதன் சுவர் வெள்ளை. வெள்ளை எல்லா நிறத்தையும் திருப்பி அனுப்பும். அதனால்தான் மூவர்ண ஒளி பட்டால் மூவர்ணமாகவே தெரிகிறது.

ஆனால் தி.நகர், அண்ணா சாலை பக்கம் பல கடைகளுக்கு முன்பக்கம் முழுக்க கண்ணாடி. அதன்மேல் வெளியிலிருந்து போகஸ் லைட் அடித்தால் ஒளிராது. ஏன்? சுவர் சொரசொரப்பானது, ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். இது ஒழுங்கற்ற எதிரொளிப்பு. கண்ணாடியில் பெரும்பகுதி உள்ளே போய்விடும், மீதி ஒரே திசையில் திரும்பும். ஆகவே கண்ணாடிக் கட்டடத்துக்கு உள்ளேயோ சட்டத்திலோதான் விளக்கு வைக்க வேண்டும்.

நான் செய்த சோதனை: ராத்திரி டார்ச்சை சுவருக்கு நேராக அடித்தேன். சுவர் சப்பையாகத் தெரிந்தது. டார்ச்சை சுவரோடு ஒட்டி, கீழிருந்து மேலே அடித்தேன். ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் நிழல் விழுந்தது! தூண், வளைவு உள்ள கட்டடத்துக்கு இப்படித்தான் அடியில் விளக்கு வைக்கிறார்கள்.

முன்பு 500 வாட் ஹாலோஜன் விளக்குகள் இருந்தன. பத்து விளக்கு 5 மணி நேரம் எரிந்தால் 25 யூனிட். அதையே 100 வாட் எல்.இ.டி.யில் எரித்தால் 5 யூனிட்தான். நீல எல்.இ.டி. கண்டுபிடித்த பிறகுதான் வெள்ளை எல்.இ.டி. விளக்கு வந்தது. அதற்காக மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது.

செலவு குறைந்ததும் விளக்கு அதிகமாகிவிட்டது. சுவரைத் தாண்டிப் போகும் ஒளி யாருக்கும் பயன்படாது. வானத்துக்குப் போனால் நட்சத்திரம் மறையும். வண்டி ஓட்டுபவர் கண்ணில் பட்டால் ஆபத்து. சென்னைக் கடற்கரையில் முட்டையிலிருந்து வரும் பங்குனி ஆமைக் குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் கடல் என்று நம்பிப் போகும். கட்டட விளக்கைப் பார்த்துவிட்டால் ரோட்டுப் பக்கம் போய்ச் செத்துவிடும்.

எனவே மூன்று விதிகள்:
1. ஒளி சுவரில் மட்டும் விழணும்.
2. விளக்கு கண்ணில் படக்கூடாது.
3. கடை மூடியதும் அணைக்கணும்.

நம் மாங்காட்டில் இந்த மூன்றும் சரியாக உள்ள கட்டடம் எது? பார்த்துவிட்டு வந்து இந்தத் தாளின் கீழே எழுதுங்கள்!

– 9-ஆம் வகுப்பு மாணவி