கிரே ஔல்: பொய்ப் பெயரும் மெய்த் தொண்டும்

முன்னுரை

'காந்தி' படத்தை 1982-இல் வழங்கிய ரிச்சர்டு அட்டன்பரோ, 1999-இல் 'கிரே ஔல்' என்னும் படத்தை உருவாக்கினார். 'சாம்பல் ஆந்தை' எனப் பொருள்படும் அப்பெயரைத் தாங்கியவர் கனடாக் காடுகளில் வாழ்ந்த ஒரு வேடர். அவராகப் பியர்ஸ் பிராஸ்னன் நடித்துள்ளார். படம் என் உள்ளத்தில் எழுப்பிய வினாவொன்றை இங்கு ஆராய முற்படுகிறேன்.

மனமாற்றம்

இரும்புப் பொறி வைத்து விலங்குகளைப் பிடித்து, தோலை விற்பதே அவர் தொழில். அவற்றுள் முதன்மையானது பீவர். பல்லால் மரத்தை வெட்டி வீழ்த்தி, ஓடையில் அணை கட்டி வாழும் கொறிவிலங்கு அது. அதன் அணையால் தேங்கும் நீரில் மீனும் பறவையும் பெருகும். ஆனால் மென்மயிருக்காக அது பெருமளவில் அழிக்கப்பட்டது.

1928-இல் அவருடைய பொறியால் தாயை இழந்த இரு குட்டிகளைக் காக்குமாறு மோஹாக் குலத்தவரான அனஹாரியோ வேண்டினார். இவரே அவருடைய வாழ்க்கைத் துணைவி. குட்டிகளை வளர்த்த வேடர், பின்னர்ப் பொறியையே துறந்தார். 1931-இல் தேசியப் பூங்காத் துறை அவரைப் பணியில் அமர்த்தியது. இளவரசர் ஆல்பர்ட் பூங்காவில், அஜவான் ஏரிக்கரையில், பீவர்களோடு ஒரே குடிலில் வாழ்ந்தார். நூல்கள் எழுதினார், இங்கிலாந்தில் சொற்பொழிவாற்றினார். 1936-இல் லெஸ்டர் நகரில் அவர் உரையைக் கேட்ட சிறுவருள் அட்டன்பரோவும் ஒருவர். 1937-இல் மன்னர் ஆறாம் ஜார்ஜ் முன்னிலையிலும் பேசினார்.

வெளிப்பட்ட உண்மை

1938 ஏப்ரல் 13-இல் அவர் மறைந்தார். உடனே ஒரு செய்தி உலகை அதிர வைத்தது. தம் தாய் அபாச்சி இனத்தவர் என்று கூறிவந்த அவர், உண்மையில் ஆங்கிலேயர். இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரில் 1888-இல் பிறந்த ஆர்ச்சி பெலானி என்பதே அவர்தம் இயற்பெயர். நார்த் பே நகரச் செய்தித்தாள் இதை 1935-லேயே அறிந்திருந்தும், அவர் உயிரோடு இருந்தவரை வெளியிடவில்லை.

என் கருத்து

பொய்யரின் அறிவுரை மெய்யாகுமா? இதுவே என் வினா. காட்டைப் பற்றி அவர் சொன்னது யாருடைய குருதியையும் சார்ந்ததன்று. பீவர் அழிந்தால் ஓடை வறளும் என்பது யார் கூறினும் உண்மையே. எனவே, அவர் தொண்டு பொய்க்கவில்லை.

ஆயினும் அவரை முழுதும் விடுவிக்க என் மனம் ஒப்பவில்லை. இறகு சூடிய வெள்ளையருக்கு அரங்குகள் திறந்தன. அம்மண்ணின் உண்மையான மைந்தர்களுக்கு அவை அவ்வாறு திறக்கவில்லை. அவர் முதலில் மணந்த ஒஜிப்வே பெண்ணையும் மகளையும் கைவிட்டுச் சென்றதையும் மறத்தல் தகாது. குட்டிகளுக்காக முதலில் இரங்கிய அனஹாரியோவுக்கோ 1983-இல்தான் கனடா அரசின் உயர் விருது கிடைத்தது.

முடிவுரை

படம் காதலுக்குத் தந்த இடத்தில் சிறு பகுதியையேனும் இக்கேள்விகளுக்குத் தந்திருக்கலாம். எனினும், கொன்று பழகிய கை காக்கவும் கற்கும் என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது. ஒருவர் சொல்லை ஏற்பதற்கு முன் அவர் குலத்தை வினவும் வழக்கம் நம்மிடையே இன்னும் மறையவில்லை. சொல்லைச் சொல்லாகவே எடைபோடவும், சொன்னவரின் குறையை மறைக்காதிருக்கவும் மாணவராகிய நாம் பழகுதல் வேண்டும்.