அளக்குங் கருவியில் நேரும் நினைவகப் பிழை

அளக்குங்கோல் பிழைபடுமாயின் அதனால் அளக்கப்பட்டன யாவும் பிழைபடும். துணிக்கடையின் முழக்கோலுக்கும் ஆய்வுக்கூடத்தின் தராசுக்கும் உரிய இவ்வுண்மை, கணிப்பொறியின் செயல்திறனை அளக்கும் நிரல்களுக்கும் உரியதே. அத்தகைய கருவியொன்றனுள் நினைவகப் பிழை நேருமாயின், அதனை நாடிக் களையும் முறை யாதென்பதை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

லினக்ஸ் இயங்குதளத்தோடு 2009-ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் 'பெர்ஃப்' என்பது இவ்வினத்துக் கருவிகளுட் பெயர் பெற்றதொன்று. பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்ட இக்கருவி, ஓடிக்கொண்டிருக்கும் நிரலை இடையிடையே குறுக்கிட்டு, அந்நொடியில் நிறைவேறும் கட்டளை யாதென நோக்கி, அதனை ஒரு கோப்பிற் குறித்துக்கொள்ளும். வேறு ஆணை இடப்படாவிடின் நொடிக்கு 4000 முறை என்னும் அளவில் இது நிகழும். பின்னர் அக்குறிப்புக்களைத் தொகுத்து, எந்நிரலின் எப்பகுதி எத்துணை நேரத்தைச் செலவிட்டதென்று பட்டியலிட்டுக் காட்டும். நிரல் எழுதுவோர் தம் உழைப்பை எங்குச் செலுத்துவதென்று துணிவது அப்பட்டியலை நம்பியே யாகலின், அதன்கட் புகும் பிழை பலருடைய உழைப்பை வீணாக்கும்.

சி மொழியில் நினைவகத்தைக் கேட்டுப் பெறுதலும், வேலை முடிந்தபின் திருப்பிக் கொடுத்தலும் நிரல் எழுதுவோன் கடனாம். பெற்ற இடத்தின் முகவரியைத் தாங்கி நிற்பது சுட்டி எனப்படும். இதன்கண் நேரும் பிழைகளுள் தலையாயன மூன்று. பெற்ற இடத்தின் எல்லையைக் கடந்து எழுதுதல் முதலாவது. திருப்பிக் கொடுத்த இடத்தை மீண்டும் ஆளுதல் இரண்டாவது. பெற்றதைத் திருப்பிக் கொடாதே விடுதலாகிய கசிவு மூன்றாவது. இவற்றுள் இரண்டாவதே கண்டறிதற்கு மிக அரியது. இடத்தைத் திருப்பிக் கொடுத்த பின்னரும் சுட்டி தானாக அழிவதில்லை. பழைய முகவரியையே காட்டிக்கொண்டிருக்கும். அவ்விடம் வேறொரு பொருளுக்குக் கொடுக்கப்படும் வரையில் பழைய செய்தியும் அங்கே பெரும்பாலும் சிதையாது கிடத்தலால், பிழை வெளிப்படாமலே நிரல் ஓடும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டான் விளக்குவாம். அளக்குங் கருவி தான் கண்ட ஒவ்வோர் இழைக்கும் நினைவகத்தில் ஒரு பதிவு வைக்கின்றது. நேரக் கணக்குப் பட்டியலின் வரிகள் அப்பதிவைச் சுட்டி நிற்கின்றன. இழை முடிந்தது என்னும் செய்தி கோப்பில் வந்தவுடன், இனி இது வேண்டாவென்று கருவி அப்பதிவை விடுத்துவிடுகின்றது. பட்டியலின் வரிகளோ அதனை இன்னும் சுட்டிக்கொண்டிருக்கின்றன. சிறிய கோப்பாயின் யாதொரு தீங்கும் தோன்றாது. பெரிய கோப்பாயின், அவ்விடத்தில் வேறு செய்தி ஏறிவிட, வரிகளைப் பெயர்முறையில் அடுக்கும்போது கருவி நிலைகுலைந்து நின்றுவிடும். நில்லாது ஓடி முடிதல் அதனினுங் கொடிது. ஏனெனின், ஒரு நிரலின் நேரம் மற்றொன்றன் பெயரில் எழுதப்படினும் அறிவார் இலர்.

இங்கே மாணவர் ஊன்றி நோக்கற்பாலது ஒன்றுண்டு. கருவி விழுந்த இடம் பெயர்களை அடுக்கும் பகுதி. பிழை பிறந்த இடமோ பதிவை விடுத்த பகுதி. விழுந்த இடத்தில் ஒரு காவல் வைப்பது நோயை விட்டு வலியை மட்டும் தணிப்பதையொக்கும்.

பிறந்த இடத்தைக் காட்டும் துணைக்கருவிகள் உள. 2002-ஆம் ஆண்டில் வெளிவந்த வால்கிரைண்ட், நிரலை மீளத் தொகுக்க வேண்டாதே அதன் ஒவ்வொரு நினைவக அணுகலையும் சோதிக்கும். ஆயின் நிரலின் ஓட்டம் ஏறத்தாழ 20 முதல் 30 மடங்கு தாமதப்படும். கூகுள் நிறுவனத்தார் உருவாக்கி 2012-ஆம் ஆண்டில் ஆய்வுரையாக வெளியிட்ட அட்ரஸ் சானிடைசர் என்பதற்கு நிரலை மீளத் தொகுத்தல் வேண்டும். தாமதமோ ஏறக்குறைய இரு மடங்கே. இது நினைவகத்தின் ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 1 பைட் நிழற்குறிப்பு வைத்து, அவ்விடம் ஆளத்தக்கதோ அன்றோ எனக் காட்டும். விடுத்த இடத்தை உடனே மற்றொன்றுக்குக் கொடாது சிலகாலம் ஒதுக்கியும் வைக்கும். பிழை நேர்ந்தவுடன், இடம் ஆளப்பட்டது எங்கே, விடுக்கப்பட்டது எங்கே, முதலிற் பெறப்பட்டது எங்கே என்னும் மூன்றையும் அறிக்கையிற் காட்டும். இவற்றுள் நடுவணதாகிய விடுத்த இடத்தையே நம் எடுத்துக்காட்டில் முதற்கண் ஆராய்தல் வேண்டும்.

இனித் தீர்வு கூறுவாம். பதிவுகளை ஒருபோதும் விடாதிருத்தல் ஒரு வழி. அது கசிவாய் முடியும். ஒவ்வொரு பதிவோடும் அதனை ஆளுவோர் எத்தனை பேர் என்னும் எண்ணைச் சேர்த்து, அவ்வெண் சுழியான பின்னரே விடுத்தல் செவ்விய வழி. பெர்ஃப் கருவியும் இம்முறையைக் கையாள்கின்றது. ஆயினும் எண்ணுதலிலும் பிழை புகும். ஒருமுறை மிகுதியாகக் குறைத்தால் பதிவு முன்னரே அழியும். ஒருமுறை குறைக்க மறந்தால் என்றும் அழியாது. தவறியது யார் என்பதை வெறும் எண் கூறாது.

இதற்கும் 2023-ஆம் ஆண்டில் பெர்ஃபினுள் ஒரு சோதனைமுறை சேர்க்கப்பட்டது. நூலகத்தில் உள்ளிருப்போரின் தொகையை மட்டும் எழுதிவைத்தால், எண் பிழைபடும்போது யாரை வினவுவது? ஒவ்வொருவருக்கும் தனிச்சீட்டுக் கொடுத்தாலோ, திரும்பாத சீட்டு இன்னாருடையதென்பது தெற்றென விளங்கும். அதுபோலவே, சோதனையின்போது பதிவைப் பெறும் ஒவ்வொரு முறையும் தனியாக ஒரு சிறு நினைவகத் துண்டு வழங்கப்படும். திருப்பும்போது அத்துண்டு விடுக்கப்படும். திருப்பப்படாத துண்டு கசிவாகவும், திருப்பியபின் ஆளப்பட்ட துண்டு விடுத்ததை ஆண்ட பிழையாகவும் சானிடைசரில் அகப்படும்.

ஆகவே, இவ்வகைப் பிழையை ஆராயப் புகுவோன் முதற்கண் பிழை தவறாது தோன்றும் மிகச் சிறிய கோப்பைத் தேடிக்கொள்க. பின்னர்த் துணைக்கருவியால் அது பிறந்த இடத்தைக் காண்க. அதன்பின் அப்பொருள் யாருக்கு உரியது, எதுகாறும் உரியது என்னும் வினாவுக்கு விடை கண்டு திருத்துக. முடிவில் அதே கோப்பைக் கொண்டு மீளச் சோதிக்க. மூன்றாவது வினாவுக்கு விடை காணாத திருத்தம், இன்று ஓய்ந்து நாளை வேறிடத்தில் தலைகாட்டுவதற்கே இடஞ்செய்யும்.