பழைய பூட்டும் புதிய சாவியும்

(மூன்றாமாண்டு இயற்பியல் மாணவர்)

திருமறைக்காட்டுக் கோயிலின் கதவு நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்தது என்றும், அதைத் திருநாவுக்கரசர் பாடித் திறந்தார் என்றும், திருஞானசம்பந்தர் பாடி அடைத்தார் என்றும் பெரியபுராணத்தில் படித்திருக்கிறோம். திறப்பதற்கு ஒரு பதிகமே தேவைப்பட்டது. அடைப்பதற்கு முதற்பாடலே போதுமானதாயிற்று. நாவுக்கரசர் தோன்றிய திருவாமூர் நம் பண்ருட்டிக்கு அருகில் உள்ளது. அந்த வட்டாரத்தைச் சேர்ந்த மேல்பட்டாம்பாக்கத்துக்காரனாகிய எனக்கு, அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் ஓர் எண்ணம் தோன்றும். அடைப்பதை யாரும் செய்துவிடலாம். கெடாமல் திறப்பதற்குத்தான் ஆள் வேண்டும். சென்ற ஆண்டு மார்கழியில் எங்கள் பாட்டி வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி இந்த எண்ணத்தை உறுதியாக்கியது. அதைச் சொல்லுமுன் பூட்டைப் பற்றிச் சில செய்திகளைக் காண்போம்.

சாவி மாற்றுதல் என்றால் என்ன?

சாவி தொலைந்துவிட்டால் பூட்டை உடைத்து எறிந்துவிட்டுப் புதுப் பூட்டு வாங்குவதே பெரும்பாலோர் வழக்கம். ஆனால் பூட்டின் உடல் நன்றாக இருக்கும்போது அதை எறிய வேண்டியதில்லை. உள்ளிருக்கும் உறுப்புகளை மாற்றி அமைத்து, பழைய சாவி இனிமேல் செல்லாதபடியும், புதிதாக வெட்டிய சாவி மட்டுமே திறக்கும்படியும் செய்யலாம். இதையே சாவி மாற்றுதல் என்கிறோம்.

இது எப்போது தேவைப்படும்? வாடகை வீட்டில் ஒரு குடும்பம் போய் மற்றொரு குடும்பம் வரும்போது தேவைப்படும். நெய்வேலி நகரியத்தையே எடுத்துக்கொள்வோம். 1956ஆம் ஆண்டில் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தோன்றியது முதல் எத்தனையோ குடும்பங்கள் அங்குள்ள குடியிருப்புகளுக்கு வந்து, பணி ஓய்வு பெற்றதும் வீட்டை ஒப்படைத்துச் சென்றிருக்கின்றன. ஒரே கதவுக்கு ஒன்றன்பின் ஒன்றாக எத்தனை சாவிகள் வெட்டப்பட்டிருக்கும்! சாவியைத் திருப்பிக் கொடுத்தவர்களிடம் வேறு சாவி இல்லை என்பதற்குச் சான்று ஏது? ஆகவே கைமாறும் வீட்டில் சாவி மாற்றுவது யாரையும் சந்தேகிப்பதாகாது. பழைய குடித்தனக்காரர்மீது வீண்பழி வராமலும் அது காக்கிறது.

பூட்டு வளர்ந்த வரலாறு

பண்டை எகிப்திலும் மெசபடோமியாவிலும் மரத்தாலான பூட்டுகள் இருந்தன. தாழ்ப்பாளின் துளைகளில் மர முளைகள் விழுந்து அதை நகராமல் பிடித்துக்கொள்ளும். பல் துலக்கும் பிரஷைப் போன்ற பெரிய மரச்சாவியை நுழைத்துத் தூக்கினால் முளைகள் எழும்பும், தாழ்ப்பாள் விடுபடும்.

இங்கிலாந்தில் 1778ஆம் ஆண்டில் ராபர்ட் பாரன் என்பவர் லீவர் பூட்டில் பெரிய திருத்தம் ஒன்றைச் செய்தார். அதற்கு முன் லீவரைத் தூக்கினால் போதும், பூட்டு திறந்துவிடும். பாரனின் பூட்டிலோ லீவரைக் குறைவாகத் தூக்கினாலும் திறக்காது. கூடுதலாகத் தூக்கினாலும் திறக்காது. சரியான உயரத்தில் நிறுத்த வேண்டும். 1818இல் ஜெரமையா சப் என்பவர், கள்ளச்சாவி போட்டு லீவரை மிகையாகத் தூக்கினால் அது மேலேயே சிக்கிக்கொண்டு, யாரோ கை வைத்ததை உரியவருக்குக் காட்டிக்கொடுக்கும் பூட்டைச் செய்தார்.

லண்டனில் ஜோசப் பிராமா நிறுவனத்தார் தங்கள் பூட்டு ஒன்றைக் கடைச் சன்னலில் வைத்து, சாவியின்றித் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவித்திருந்தனர். 1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஆல்பிரட் ஹாப்ஸ், 16 நாள்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்து அதைத் திறந்து காட்டினார். திறக்கவே முடியாத பூட்டு என்று ஒன்று இல்லை என்பதை உலகம் அன்று அறிந்தது. 1861இல் லைனஸ் யேல் என்பவர் பழைய எகிப்திய முளைத் தத்துவத்தையே சிறிய உருளைக்குள் அடக்கி, தட்டையான சிறு சாவிக்கு உரிமம் பெற்றார். இன்று நம் வீட்டுக் கதவுகளில் காணும் சிலிண்டர் பூட்டுகள் அதன் வழிவந்தவையே. நம் நாட்டில் 1897இல் அர்தேஷிர் கோத்ரேஜ் பம்பாயில் பூட்டுத் தொழிலைத் தொடங்கினார்.

திண்டுக்கல்லின் பெருமை

தமிழ்நாட்டில் பூட்டு என்றவுடன் திண்டுக்கல் நினைவுக்கு வரும். அவ்வூரிலும் நாகல்நகர், நல்லாம்பட்டி, யாகப்பன்பட்டி போன்ற சுற்றுப் பகுதிகளிலும் இரும்பையும் பித்தளையையும் கொண்டு கையாலேயே பூட்டுச் செய்யும் தொழில் நூறாண்டுக்கும் மேலாக நடந்து வருகிறது. மாங்காயின் உருவில் இருப்பதால் மாங்காய்ப் பூட்டு எனப் பெயர் பெற்றது ஒரு வகை. இதுபோல அலமாரிப் பூட்டு, மணியடிக்கும் பெல் பூட்டு எனப் பல வகைகள் உண்டு. எந்திரத்தில் வார்த்தெடுக்கும் மலிவான பூட்டுகளின் போட்டியால் தொழில் நலிந்துவிட்டபோதிலும், 2019ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் செய்த பூட்டைக் கையாலேயே பிரித்துச் சீர்செய்யலாம். பழைய திண்டுக்கல் பூட்டைப் பலர் இன்னும் விடாமல் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உள்ளே நடப்பது என்ன?

பூட்டினுள் பித்தளைத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். இவையே லீவர்கள். ஒவ்வொன்றையும் ஒரு சிறு ஸ்பிரிங் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பிளவு வெட்டப்பட்டிருக்கும். ஆனால் வெட்டிய உயரம் தகட்டுக்குத் தகடு வேறுபடும். தாழ்த்தண்டில் ஒரு முளை உண்டு. எல்லாப் பிளவுகளும் ஒரே நேர்கோட்டில் வந்து நின்றால்தான் அந்த முளை அவற்றினூடே நுழையும், தாழ் நகரும். சாவியின் பற்கள் ஏற்ற இறக்கமாக இருப்பதன் காரணம் இதுவே. ஒவ்வொரு பல்லும் தனக்குரிய லீவரை அதற்குரிய உயரத்திற்குத் தூக்குகிறது.

இதிலிருந்து சாவி மாற்றும் முறை தானே விளங்கும். லீவர்களின் அடுக்கு வரிசையை மாற்றிவிட்டால் பழைய சாவியின் பற்கள் தவறான லீவர்களைத் தூக்கும். புதிய வரிசைக்கேற்பப் புதிய சாவி வெட்டிக்கொள்ளலாம். தாழைத் தள்ளும் பல்லின் இடம் மட்டும் மாறக் கூடாது. வெவ்வேறான ஆறு லீவர்கள் இருந்தால் எத்தனை வரிசைகள் அமையும்? கணித மாணவர் உடனே சொல்வார்: 6×5×4×3×2×1 = 720. புதுத் தகடு ஒன்றுகூட இல்லாமல் ஒரே பூட்டிலிருந்து 720 விதமான சாவிகள்! மூன்று லீவர்கள் மட்டுமே இருந்தாலோ 3×2×1 = 6 விதங்கள்தாம். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன், பின்னர் பயன்படும்.

சிலிண்டர் பூட்டிலும் தத்துவம் இதுவே. தகடுகளுக்குப் பதிலாகச் சிறு பித்தளை முளைகள் வெவ்வேறு நீளத்தில் இருக்கும். உள்உருளையை மெல்ல வெளியே எடுத்து, முளைகளை மாற்றிப் போட்டுப் புதுச் சாவிக்குப் பொருத்துவார்கள். உருளையை எடுக்கும்போது அதே பருமனுள்ள ஒரு குச்சியைப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு வரவேண்டும். இல்லையேல் மேலுள்ள ஸ்பிரிங்குகள் துள்ளிப் பறந்துவிடும்.

எங்கள் வீட்டுப் பூட்டு

எங்கள் தாத்தா நிலப் பத்திரங்களையும் பாத்திரங்களையும் வைத்திருந்த உள்ளறைக்கு ஆறு லீவர் திண்டுக்கல் பூட்டு ஒன்று போட்டிருந்தார். அதற்கு மூன்று சாவிகள். அவர் மறைந்த சில மாதங்களில் ஒரு சாவி காணவில்லை. எங்கள் அப்பாவுடன் பிறந்தவர்கள் இருவர். யாரும் யாரையும் வெளிப்படையாகக் குற்றம் சொல்லவில்லை; ஆனால் பேச்சுக் குறைந்தது. பெரியப்பா வந்தால் சித்தப்பா வெளியே கிளம்பிவிடுவார். பொங்கலுக்கு எல்லோரும் ஒன்றாக உட்காருவார்களா என்று பாட்டி கவலைப்படத் தொடங்கினார்.

"வெட்டி எறிஞ்சிட்டு வேற பூட்டுப் போட்டுடலாம்" என்றார் சித்தப்பா. பாட்டி இசையவில்லை. "அவர் கையால வாங்கிப் போட்ட பூட்டு. அது இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

நெல்லிக்குப்பம் கடைத்தெருவில் சாவி வெட்டும் முதியவர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் பூட்டைத் தொடுமுன் கேட்ட முதற் கேள்வி, "இது யார் பூட்டு?" என்பதுதான். பாட்டியையும் பிள்ளைகள் மூவரையும் எதிரில் உட்காரச் சொன்னார். பாட்டி தம் வாயால் "மாத்துங்க" என்று சொன்ன பிறகே பையைத் திறந்தார்.

இருந்த சாவியைப் போட்டு மெல்லத் திருப்பினார், மீண்டும் திருப்பினார். பிறகு என்னிடம், "தம்பி, சாவியில ஆறு வெட்டு இருக்குது. உள்ள மூணுதான் பேசுது" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ரிவெட்டின் தலையை அரத்தால் தேய்த்து, முதுகுத் தகட்டைக் கழற்றி, உள்ளிருந்தவற்றை ஒரு செய்தித்தாளில் வரிசை குலையாமல் பரப்பினார். லீவர்கள் மூன்றே இருந்தன! மற்ற மூன்றின் இடத்தில் சாதாரண வாஷர்களைப் போட்டு நிரப்பியிருந்தது. எப்போதோ பூட்டு இறுகிப்போனபோது பழுது பார்த்த யாரோ, சிக்கிய லீவர்களை எடுத்துவிட்டு மூடியிருக்கிறார். சாவி சுலபமாகத் திரும்பியதால் தாத்தாவும் நன்றாகச் சரிசெய்திருக்கிறார் என்றே எண்ணியிருப்பார்.

720 என்று நாங்கள் நம்பியிருந்த இடத்தில் 6 மட்டுமே இருந்தது. முதியவர் சொன்னார்: "காணாமப் போன சாவி யார்கிட்ட இருந்தா என்ன ஐயா? இத்தனை வருசமா இது பேருக்குத்தான் பூட்டு." மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். முதலில் சிரித்தவர் பெரியப்பா.

பித்தளைத் தகட்டில் மூன்று லீவர்களை வெட்டி, அரத்தால் ராவி, ஆறையும் புதிய வரிசையில் அடுக்கி, மூன்று சாவிகள் செய்து முடிக்க ஒரு பகல் பிடித்தது. தேங்காயெண்ணெய் விடலாமா என்று கேட்டேன். எண்ணெய் தூசியைப் பிடித்து நாளடைவில் பிசினாகும் என்று சொல்லி, பென்சில் கரியைப் பொடித்துத் தூவினார். பழைய சாவிகளைப் போட்டுத் திறக்கவில்லை என்று காட்டினார். புதுச் சாவிகளைப் பாட்டியின் கையில் கொடுத்தார். பாட்டி ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்.

தேர்ந்த தொழிலாளியின் அடையாளம்

அன்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததிலிருந்து நான் அறிந்துகொண்டவை நான்கு.

முதலாவது, அவர் கை கேட்கிறது. எந்த லீவர் எழும்புகிறது, எந்த ஸ்பிரிங் சோர்ந்திருக்கிறது என்பதைச் சாவியின் வழியே விரல் உணர்கிறது. சாவியே இல்லாத பூட்டுக்கும், வெற்றுச் சாவியை விளக்குப் புகையில் காட்டிக் கரியேற்றி உள்ளே திருப்பி, லீவர் பட்ட தடம் பார்த்து அரத்தால் ராவிப் புதுச் சாவி செய்துவிடுவதாகச் சொன்னார்.

இரண்டாவது, அவர் சாவியைப் பூட்டுக்கேற்பத் திருத்துகிறார். பூட்டைச் சாவிக்கேற்பத் திருத்துவதில்லை. சாவி சரியாக வெட்டுப்படாதபோது லீவரின் பிளவை அகலமாக்கிவிட்டால் வேலை விரைவில் முடியும். ஆனால் பிளவு அகன்ற பூட்டு வேறு சாவிகளுக்கும் இடங்கொடுக்கும்.

மூன்றாவது, யாருக்காகத் திறக்கிறோம் என்பதை அறிந்தே திறக்கிறார். உரியவர் எதிரில் இல்லாமல் அவர் பூட்டைத் தொடுவதில்லை. புறப்படும்போது சாவியின் அளவைக் குறித்திருந்த தாளையும் கிழித்து எங்கள் அடுப்பிலேயே போட்டுவிட்டார்.

நான்காவதே எல்லாவற்றிலும் பெரிது. பூட்டு வேலை மூடிய தகட்டுக்குள் நடக்கும் வேலை. சாவி திரும்புகிறது என்பது மட்டுமே நமக்குத் தெரியும். உள்ளே ஆறு இருக்கிறதா, மூன்று இருக்கிறதா என்பது தொழிலாளிக்கும் அவர் மனச்சாட்சிக்கும் மட்டுமே தெரியும். கெட்ட பூட்டு இறுகிக்கொண்டு தன் குறையை நம்மிடம் சொல்லிவிடும். லீவர் குறைந்த பூட்டோ நல்ல பூட்டைவிட எளிதாகத் திறந்து நம்மை மகிழ்விக்கும்.

முடிவுரை

மாணவ நண்பர்களே! நாம் ஆய்வுக்கூடத்தில் குறிக்கும் அளவுகளும், நாளை அலுவலகங்களில் எழுதப்போகும் கோப்புகளும் மூடிய தகட்டுக்குள் செய்யும் வேலைகளே. விடை சரியாக வந்துவிட்டது என்பதற்காக உள்ளே மூன்று வாஷரைப் போட்டு மூடிவிட நமக்கும் ஆசை வரும். அப்போது நெல்லிக்குப்பத்து முதியவரின் செய்தித்தாளை நினைத்துக்கொள்வோம். என்றாவது ஒருநாள் யாரோ ஒருவர் ரிவெட்டைத் தேய்த்துத் திறந்து பார்ப்பார்.

அந்தப் பொங்கலுக்கு எங்கள் வீட்டில் மூவரும் ஒன்றாக அமர்ந்து உண்டனர். காணாமற்போன சாவி இன்றுவரை கிடைக்கவில்லை. இப்போது அதை யாரும் தேடுவதும் இல்லை.