தன்னை அறிதலும் தப்பெண்ணம் நீங்குதலும்

பிறரைப் பற்றி நாம் கொண்டிருக்கும் எண்ணங்களுள் நாமே ஆராய்ந்து கண்டவை சில. ஆராயாமல் ஏற்றுக்கொண்டவை பல. அவ்வாறு ஏற்ற எண்ணம் நாளடைவில் உறுதிப்பட்டு, உண்மை எதிரே வந்து நின்றாலும் அதனைக் காணவொட்டாமல் தடுக்கிறது. இதனையே தப்பெண்ணம் என்கிறோம்.

இஃது எங்கிருந்து தோன்றுகிறது? சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், நற்காட்சிக்கு மாசாகும் மதங்கள் எட்டினைக் கூறுகிறார். அறிவு, பிறர் செய்யும் சிறப்பு, குலம், சாதி, வலிமை, செல்வம், தவம், உருவம் ஆகியவை பற்றி எழும் செருக்கே அவை. அறிவு முதலில் நிற்பது கருதத்தக்கது. குலச்செருக்கைப் பிறர் எளிதில் கண்டுகொள்வர். கல்விச் செருக்கோ கல்வியின் போர்வையிலேயே மறைந்திருக்கும். உடையவரே அதனைத் தேடிக் காணல் வேண்டும்.

அவ்வாறு கண்டவருள் ஒருவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற அவர், 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தார். அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், அவர் கற்ற நூல்களை வினவினார். ஐயர் அந்தாதி, கோவை, புராணம் எனப் பலவற்றை அடுக்கினார். முதலியாரோ, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா எனக் கேட்டார். ஐயர் படித்ததில்லை.

கற்றது போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. ஏட்டைப் பெற்று ஆராயத் தொடங்கினார். சமணக் கோட்பாடுகள் விளங்காத இடங்களில் தாமாக ஒரு பொருளைக் கற்பித்துக்கொள்ளாமல், கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை நாடிச் சென்று கேட்டறிந்தார். அவர்களும் வேற்றுச் சமயத்தவர் என்று ஒதுக்காமல் விளக்கினார்கள். 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. ஐயர் தம் சமயத்தை விடவில்லை. விட வேண்டிய தேவையும் எழவில்லை. தாம் அறியாததை அறியாதது என உணர்ந்ததே போதுமாயிற்று.

இதில் நமக்கும் பாடம் உண்டு. புதிதாக வந்த ஊழியரின் பெயரையும் ஊரையும் கேட்டவுடனே அவருடைய திறமையை அளந்துவிடுகிறோம். வயலில் கூலிக்கு வந்தவர் கூறும் யோசனையை முழுதும் கேட்பதில்லை. வீட்டிற்கு வந்த மருமகளின் சொல்லை, அவள் பிறந்த வீட்டை வைத்தே எடைபோடுகிறோம். அநேகாந்தத்தின் பெருமையைப் பிறருக்கு எடுத்துரைப்பதில் நாம் பின்வாங்குவதில்லை. அதனை நம் கருத்தின்மேல் செலுத்துவதில்தான் தயங்குகிறோம்.

ஆதலின், சாமாயிகம் முடிந்து எழுமுன் நம்மை நாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வோம். இன்று யாரைப் பற்றி முடிவு செய்தோம்? அதனை நேரில் கண்டோமா, கேள்வியுற்றோமா? எட்டுச் செருக்குகளுள் எது அம்முடிவிற்குத் துணைநின்றது? விடை தெளிவாகாவிடின், மறுநாள் உரியவரையே அணுகிக் கேட்டறிவோமாக.