பிரவுன் ஏல்: எப்போது திறக்கலாம்?

கேள்வி: வீட்டில் காய்ச்சிய பிரவுன் ஏலைப் பாட்டிலில் அடைத்து ஒரு வாரமாகிறது. எப்போது பரிமாறலாம்?
– வாசகர், லண்டன்

பதில்: அவசரப்படாதீர்கள். லிட்டருக்கு 5 கிராம் வாக்கில் சேர்த்திருப்பீர்களே, அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் தின்று வாயுவாக்க 20 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம் பிடிக்கும். நுரை வந்தாலே பக்குவமாகிவிட்டதென்று அர்த்தமில்லை. வறுத்த மால்ட்டின் கரகரப்பு அடங்கி கேரமல் வாசனை முன்னே வர, 12 டிகிரி குளிரில், இருட்டில், மேலும் இரண்டு மூன்று வாரம் கிடக்கட்டும். 5 சதவீத ஆல்கஹாலுக்கு அது போதும். ஒயின்போல வருடக்கணக்கில் பதுக்காதீர்கள். ஆக்சிஜன் பட்டு ஈர அட்டை வாடை வந்துவிடும். பரிமாறுவதற்கு முந்தின நாளே பாட்டிலை ஃபிரிட்ஜில் நேராக நிறுத்துங்கள். ஊற்றும்போது அடிவண்டலைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.